சூடேற்றினால் சவ்வு திறக்கிறதா, மூடுகிறதா? பிநைபாம் சவ்வில் கரைபொருள் கடப்பது பற்றி

மழைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். வெப்பநிலைக்கேற்ப மாறும் பாலிமர் சவ்வுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். எடுத்துக்கொண்ட பாலிமர் பாலி(என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு). ஆய்வகத்தில் பிநைபாம் என்று சுருக்கிச் சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு வகைச் சவ்வுகள் இருக்கின்றன. ஒன்று, பிநைபாமைக் குறுக்கிணைத்து வார்த்த ஜெல் தகடு. மற்றொன்று, நுண்துளைகள் கொண்ட பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடீன் ஃபுளூரைடு என்ற நெகிழி) சவ்வின் துளைச் சுவர்களில் பிநைபாம் சங்கிலிகளை ஒட்டி வளர்த்தது. விரவலை, அதாவது செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கரைபொருள் தானாகப் பரவுவதை, அளக்கும் இரண்டு அறைக் கலத்தில் ஒரு பக்கம் வைட்டமின் பி12 கரைசல், மறுபக்கம் தூய நீர். கலத்தின் வெளியுறையில் வெப்பநிலை மாறாத நீர் ஓடுகிறது. கடந்து வரும் பி12-ஐ 361 நானோமீட்டரில் அளக்கிறேன்.

ஜெல் தகட்டில் சிக்கல் இல்லை. 20 டிகிரியில் பி12 தாராளமாகக் கடக்கிறது, 40 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. குழப்பம் இரண்டாவதில்தான். சூடேற்றினால் சங்கிலிகள் சுருங்கித் துளை திறக்கும், ஓட்டம் பல மடங்கு கூடும் என்று கட்டுரைகள் வரைபடம் போட்டுக் காட்டுகின்றன. என் சவ்விலோ 20-லிருந்து 40-க்குப் போகும்போது பி12 கடக்கும் வேகம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஒட்டு வளரவே இல்லை என்கிறார் நெறியாளர். ஆனால் அகச்சிவப்பு நிறமாலையில் அமைடு பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன, சவ்வின் எடையும் கூடியிருக்கிறது. வேறு எங்கே தேடுவது?

வேதியியல் வாத்தியார்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பள்ளியில் பாடம் நடத்துபவனின் கேள்வி இது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தப் பாலிமர் குளிர்ந்த நீரில் கரைந்து, சூடேறியதும் ஏன் பிரிகிறது? அது புரியாமல் மேலே படிக்க முடியவில்லை.

பழைய ஆய்வாளர்:

வாத்தியார் ஐயா, அந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

பிநைபாம் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு முகங்கள் உண்டு. அமைடு தொகுதி நீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும். ஐசோபுரொப்பைல் தொகுதிக்கு நீர் ஆகாது. ஆகாத அந்தத் தொகுதியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கு கூடினால் என்ட்ரோபி குறையும். அந்த இழப்பு வெப்பநிலையால் பெருக்கப்படுவதால், குளிரில் அது பொருட்டில்லை. ஹைட்ரஜன் பிணைப்பின் ஆதாயம் அதை ஈடுகட்டிவிடும். சூடு ஏற ஏற இழப்பின் கை ஓங்குகிறது. 32 டிகிரி வாக்கில் கணக்குத் தலைகீழாகிறது: நீர் விலகி விடுதலை பெறுகிறது, சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுருண்டுகொள்கின்றன. தெளிந்த கரைசல் கண்ணெதிரே வெள்ளையாகக் கலங்கும். 1968-இல் ஹெஸ்கின்ஸ், கில்லட் என்ற இருவர் இதை முறையாக அளந்து வெளியிட்டார்கள். கீழ்நிலை மாறுகரைசல் வெப்பநிலை என்று உங்கள் மேல்நிலைப் பாடத்தில் டிரைஎத்திலமீன்–நீர் இணைக்குச் சொல்கிறார்களே, அதே கதைதான்.

மழைத்துளி, உங்களுக்கு. ஜெல் தகட்டில் பி12 நடந்து போகும் வழியே ஜெல்லுக்குள் இருக்கும் நீர்தான். தளர்வாகக் குறுக்கிணைத்த ஜெல்லில் குளிரில் 90 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கும். சூடேறி நீர் வெளியேறினால் வழியும் போயிற்று. ஒட்டு வளர்த்த சவ்வில் வழி என்பது துளை. பாலிமர் அங்கே இடைஞ்சல். அது சுருங்கினால் வழி அகலும். நடப்பது ஒரே சுருக்கம், விளைவு எதிரெதிர். இதுவரை நீங்கள் அறிந்ததுதான். உங்கள் எண் ஏன் சிறியது என்பதற்கு, அந்தக் கட்டுரைகள் எதை அளந்தன என்று பாருங்கள்.

குழாய்ப் பொறியாளர்:

ஐயா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். எதிர்ச் சவ்வூடு பரவல் ஆலையில் வேலை பார்ப்பவன், சவ்வை அழுத்தமானியின் வழியாகத்தான் எனக்குத் தெரியும்.

அந்த வரைபடங்களில் பெரும்பாலானவை அழுத்தம் கொடுத்துத் தள்ளிய நீரின் ஓட்டம். அழுத்தத்தில் நீர் துளை வழியே ஓடும்போது ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் மாறும். விரவலால் கரைபொருள் போகும்போது பரப்பு மட்டுமே கணக்கு, அதாவது இரண்டாம் அடுக்கு. 100 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் 50 நானோமீட்டர் தடிமனுக்குச் சங்கிலிகள் வீங்கி நிற்பதாகக் கொள்ளுங்கள். மிச்ச ஆரம் பாதி. அழுத்த ஓட்டம் 16-இல் ஒரு பங்காகும். விரவலோ 4-இல் ஒரு பங்குதான். ஒரே சவ்வு, ஒரே சங்கிலி. 16 மடங்கு திறந்தது என்று ஒருவர் எழுதலாம், 4 மடங்கு என்று இன்னொருவர் எழுதலாம், இருவர் சொல்வதும் உண்மை.

அடுத்தது இன்னும் எளிய விஷயம். நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.00 மில்லிபாஸ்கல்-வினாடி, 40 டிகிரியில் 0.65. விரவல் கெழு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதம், பாகுநிலைக்கு எதிர்விகிதம். கணக்குப் போட்டால், பாலிமரே இல்லாவிட்டாலும் இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையில் விரவல் சுமார் 1.6 மடங்கு கூடும். உங்கள் இரண்டு மடங்கில் எவ்வளவு பிநைபாமுடையது, எவ்வளவு வெறும் நீருடையது? ஒட்டு வளர்க்காத வெற்றுச் சவ்வை அதே கலத்தில் வைத்து ஓட்டினீர்களா?

மழைத்துளி:

வெற்றுச் சவ்வின் அளவீடு இருக்கிறது. 20-லிருந்து 40-க்கு ஏறத்தாழ நீங்கள் சொல்லும் அளவுக்கே கூடுகிறது. அப்படியானால் ஒட்டின் பங்கு இன்னும் சிறியதாகிவிடுகிறதே? ஆரக் கணக்கின்படி 4 மடங்காவது வந்திருக்க வேண்டும். அழுத்தம் கொடுத்து நீர் ஓட்டத்தை அளந்தபோது மாற்றம் மிகப் பெரியதாக இருந்தது. அதனால்தான் ஒட்டு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய ஆய்வாளர்:

நீர் ஓட்டத்தில் பெரிய மாற்றம், பி12-இல் சிறிய மாற்றம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நெறியாளரோடு இவ்வளவு வாதாடியிருக்க வேண்டியதில்லை, அம்மா! ஒட்டு இருக்கிறது.

பொறியாளர் தம்பியின் கணக்கில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: வீங்கி நிற்கும் சங்கிலிப் படலம் கரைபொருளுக்குச் சுவர் என்பது. அது சுவர் இல்லை. வீங்கிய பிநைபாம் படலத்தின் பெரும்பகுதி நீர். அழுத்தத்தில் தள்ளப்படும் நீருக்கு அது பெருந்தடை, ஏனென்றால் ஒவ்வொரு சங்கிலியிலும் உராய்ந்துதான் நீர் நகர வேண்டும். பி12 போன்ற சிறு மூலக்கூறோ தானாகத் தடுமாறித் தடுமாறி நகர்வது. அதன் ஆரம் ஒரு நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தளர்வான சங்கிலிகளுக்கு நடுவே அதற்குப் போதிய இடம் உண்டு. ஓட்டத்துக்கு மூடிய துளை, விரவலுக்குப் பாதி திறந்தே இருக்கிறது.

யாசுடாவும் அவருடைய சகாக்களும் 1968-இலேயே இந்த வழியில் யோசித்தார்கள். நீரேறிய சவ்வில் கரைபொருள் நகர வேண்டுமானால், தன் அளவுக்கு ஏற்ற வெற்றிடம் அதற்குப் பக்கத்தில் திறக்க வேண்டும். அந்த வெற்றிடத்தைத் தருவது நீர், பாலிமர் தருவதில்லை. ஆகவே விரவல் கெழுவின் மடக்கை, நீரேற்றத்தின் (சவ்வில் நீரின் பங்கு) தலைகீழ் மதிப்போடு நேர்கோட்டில் குறையும். அந்தக் கோட்டின் சரிவு கரைபொருளின் பருமனைப் பொறுத்தது. நீர் 90 சதவீதம் இருக்கும்வரை சிறிய மூலக்கூறு படலத்தை அதிகம் பொருட்படுத்தாது. பெரிய மூலக்கூறு அப்படியில்லை.

ஒட்டின் அளவும் முக்கியம். சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் சூ லியாங்-யின் குழுவினர், துளை வாயிற்கதவுபோல் திறந்து மூடும் இந்த வகைச் சவ்வுகளை நிறையச் செய்தவர்கள். ஒட்டு குறைவாக இருந்தால் சூட்டில் துளை திறந்து பி12 விரைவாகப் போகிறது. ஒட்டு மிகுந்து துளையே அடைபட்டுவிட்டால், அதே சவ்வு சூட்டில் பி12-ஐத் தடுக்கிறது. அதாவது உங்கள் இரண்டாவது சவ்வு உங்கள் முதல் சவ்வாக மாறிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, சூடேற்றினாலும் குளிர்வித்தாலும் பெரிதாக எதுவும் மாறாத ஓர் ஒட்டளவு இருந்தே தீர வேண்டும். நீங்கள் அதன் அக்கம்பக்கத்தில் நிற்கிறீர்களோ என்று ஐயப்படுகிறேன். எடை எவ்வளவு கூடியது?

மருந்தாக்கவியல் ஆசிரியை:

எல்லோரும் பருமனைப் பற்றியே பேசுகிறீர்கள். மருந்துக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு.

ஊடுருவுதிறன் என்பது இரண்டின் பெருக்கல். கரைபொருள் சவ்வுக்குள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது ஒன்று, அது விரவல் கெழு. நீரை விட்டுச் சவ்வுக்குள் நுழைய எவ்வளவு விரும்புகிறது என்பது மற்றொன்று, அது பகிர்வுக் கெழு. பி12 நீரை நாடும் பொருள். சுருங்கிய பிநைபாமுக்குள் நுழைய அதற்கு விருப்பமே இருக்காது. ஆகவே சூட்டில் இரண்டும் சேர்ந்து விழுகின்றன, வரைபடம் அழகாக வருகிறது. கட்டுரைக்குக் கட்டுரை பி12 தலைகாட்டுவதற்கு அதன் நிறமும் ஒரு காரணம், இந்த அழகு இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீரை வெறுக்கும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிமர் சுருங்கி நீரை வெறுக்கத் தொடங்கியதும், மருந்து அதற்குள் ஆவலோடு புகும். நகர்வு குறையும், நுழைவு கூடும். பெருக்கிப் பார்த்தால் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூடும் சவ்வு என்று பெயரெடுத்த ஒன்று, ஒரு மருந்துக்கு மூடாமலே இருக்கலாம். ஒரே கரைபொருளை வைத்துச் சவ்வுக்குச் சான்றிதழ் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. யூட்டா பல்கலைக்கழகத்தில் பே, ஒக்கானோ, கிம் மூவரும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து செய்த வேலையைப் படித்துப் பாருங்கள். பிநைபாமோடு பியூட்டைல் மெத்தக்ரிலேட்டைச் சேர்த்த ஜெல்லில் இன்டோமெதசின் என்ற மருந்தை ஏற்றினார்கள். குளிரில் மருந்து வெளிவரும், சூடேற்றினால் நிற்கும், மறுபடி குளிர்வித்தால் மறுபடி வரும். நிற்பதற்குக் காரணம் ஜெல் முழுவதும் சுருங்கியது அன்று. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல், வெளிப்பரப்பு முதலில் சுருங்கி அடர்ந்த தோலாகிவிடுகிறது. உள்ளே இன்னும் நீர் நிறைந்திருக்கும். தோல் அதை வெளியே விடாது. இப்படித் தோல் உருவாகாத ஜெல்களில் நேர்மாறாக நடக்கும்: சூடேறியதும் உள்ளிருக்கும் நீரோடு மருந்தும் பிழிந்து வெளியே தள்ளப்படும், பிறகுதான் அடங்கும். மழைத்துளி, உங்கள் ஜெல் தகட்டை 40 டிகிரிக்கு மாற்றிய உடனே, பெறும் பக்கத்தில் பி12 சற்று நேரம் திடீரென்று கூடுகிறதா?

மழைத்துளி:

ஆமாம், அம்மா! முதலில் ஒரு குட்டிக் குன்று, பிறகு தட்டையான கோடு. அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் நிலைத்த கோட்டின் சரிவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது விரவல் இல்லை, பிழிவு என்று எழுதலாமா?

மருந்தாக்கவியல் ஆசிரியை:

எழுதலாம், எழுதவும் வேண்டும். கொடுக்கும் பக்கத்திலும் அதே நேரத்தில் அளவெடுத்துப் பாருங்கள். உண்மையான பிழிவென்றால் ஜெல் இரண்டு முகங்களிலும் தள்ளும். கொடுக்கும் பக்கத்தில் ஏற்கெனவே பி12 நிறைய இருப்பதால் அங்கே மாற்றம் கண்ணுக்குப் புலப்படாமல் போகக்கூடும். ஆகவே பி12 ஏற்றிய ஜெல்லை வெறும் நீருக்கு நடுவே வைத்துத் தனியாக ஒருமுறை சூடேற்றிப் பார்ப்பது நல்லது.

குழாய்ப் பொறியாளர்:

அழகான அறிவியல், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையின் கட்டுரைகள் பெரும்பாலும் முடிவுரையில் நீர்ச் சுத்திகரிப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுகின்றன. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு கனமீட்டர் நீரை 10 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 42 மெகாஜூல் வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் சுமார் 11.6 யூனிட். கடல்நீரைக் குடிநீராக்கும் இன்றைய ஆலைகள் ஒரு கனமீட்டருக்குச் செலவிடுவதே 3 முதல் 4 யூனிட் வாக்கில்தான். சவ்வைத் திறந்து மூடுவதற்காக நீரைச் சூடேற்றும் செலவில் மூன்று கனமீட்டர் கடல்நீரை நான் குடிநீராக்கிவிடுவேன். வெப்பத்தில் ஒரு பகுதியை மீட்கலாம் என்பார்கள். மீட்கலாம்தான், அதற்கும் வெப்பமாற்றி, குழாய், பராமரிப்பு என்று செலவு இருக்கிறது.

வேகத்தையும் பாருங்கள். ஜெல் வீங்கவும் சுருங்கவும் ஆகும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது என்று டனாக்காவும் ஃபில்மோரும் 1979-இல் காட்டினார்கள். வலைப்பின்னல் நீருக்குள் நகரும் விரவல் கெழுவை வினாடிக்கு 10-இன் மைனஸ் 7-ஆம் அடுக்குச் சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 40 நிமிடம். அதில் பத்தில் ஒரு பங்குத் தடிமனுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. ஆசிரியை சொன்ன தோல் உருவாகிவிட்டால் இந்தக் கணக்கும் பலிக்காது, இன்னும் இழுக்கும். மெல்லிய ஜெல்லோ அழுத்தத்தில் கிழிந்துவிடும். ஒட்டு வளர்த்த துளை மட்டும்தான் வேகமாகவும் இருக்கும், அழுத்தத்தையும் தாங்கும்.

பழைய ஆய்வாளர்:

தம்பியின் எரிச்சல் நியாயம். இந்தச் சவ்வுக்கு ஏற்ற இடம் கனமீட்டர் கணக்கில் நீர் ஓடும் இடம் அன்று; வெப்பநிலை தானாகவே மாறும் இடம், அல்லது ஒரு கிண்ணம் நீரைக் குளிர்வித்தால் போதும் என்ற இடம்.

ஒக்கானோ பிற்பாடு டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செய்ததைப் பாருங்கள். வளர்ப்புத் தட்டில் மெல்லிய பிநைபாம் படலம். 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் படலம் நீரேறி, செல்கள் ஒரே விரிப்பாகக் கழன்று வந்துவிடும். நொதி ஊற்றிப் பிய்க்க வேண்டியதில்லை. அப்செல் என்ற பெயரில் அந்தத் தட்டு கடைக்கே வந்துவிட்டது. இதற்கும் நம் பேச்சுக்கும் தொடர்பு உண்டு. தட்டின் அடிப்பகுதி திடமாக இருந்தால் நீர் விரிப்பின் ஓரங்களிலிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். நடுப்பகுதி கழல நேரமாகும். 2000-இல் அதே குழுவினர் அடியில் நுண்துளைச் சவ்வை வைத்து அதன்மேல் பிநைபாமை ஒட்டினார்கள். கீழிருந்தும் நீர் வந்து சேர்ந்ததால் விரிப்பு கணிசமாக விரைவில் கழன்றது.

வேதியியல் வாத்தியார்:

இவ்வளவும் படித்தபிறகு ஒரு சந்தேகம். 32 டிகிரி என்றால் சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வகுப்பறையே அதைவிடச் சூடாக இருக்குமே. இந்தப் பாலிமருக்கு எங்கள் ஊரில் அறை வெப்பநிலை என்றால் என்ன?

பழைய ஆய்வாளர்:

வாத்தியார் போகிற போக்கில் கேட்டது உண்மையிலேயே ஆய்வகச் சிக்கல். குளிர்நாட்டுக் கட்டுரையில் ஜெல்லை அறை வெப்பநிலையில் நீரில் ஊறவைத்தோம் என்று எழுதியிருந்தால் அது 20 டிகிரி வாக்கில். ஜெல் முழுக்க வீங்கியிருக்கும். குளிர்சாதனம் இல்லாத சென்னை ஆய்வகத்தில் மே மாத மதியம் அதே வரியைப் பின்பற்றினால் ஜெல் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும். மாலையில் மாறுநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். செய்முறையில் எண்ணைப் போடாமல் அறை வெப்பநிலை என்று எழுதும் மாணவர்களை நான் விட்டதே இல்லை.

அந்த 32-உம் தூய நீருக்கு மட்டும் உரிய எண். சாதாரண உப்பு 0.15 மோலார் இருந்தாலே ஓரிரு டிகிரி கீழே இறங்கும். சல்பேட், பாஸ்பேட் அயனிகள் குளோரைடைவிடக் கடுமையாகக் கீழே தள்ளும். 1888-இல் ஹாஃப்மைஸ்டர் முட்டைப் புரதத்தை உப்புகளால் வீழ்படிவாக்கியபோது கண்ட அதே வரிசை. பியூட்டைல் மெத்தக்ரிலேட் போன்ற நீர்விலக்கும் துணையைச் சேர்த்தால் இறங்கும், அக்ரிலமைடு போன்ற நீர்நாட்டமுள்ளதைச் சேர்த்தால் ஏறும். உடல் வெப்பநிலையைச் சுற்றி வேலை செய்ய வேண்டியவர்கள் இந்த இரண்டாவது வழியில்தான் 32-ஐ மேலே நகர்த்துகிறார்கள்.

மழைத்துளி:

எடை கூடுதலைச் சரிபார்த்தேன். ஐயா ஐயப்பட்டதுபோல் ஒட்டு மிகுதிதான். துளையின் பெரும்பகுதியை அது நிரப்பியிருக்க வேண்டும். ஒட்டளவு குறைந்த சவ்வுகளையும் தயாரிக்கப் போகிறேன். ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒட்டுள்ள சவ்வின் ஊடுருவுதிறனை வெற்றுச் சவ்வின் மதிப்பால் வகுத்து வரைந்தால் நீரின் பாகுநிலை தானே அடிபட்டுப் போகும், இல்லையா? கரைபொருளில் பி12-ஓடு வேறு எதைச் சேர்க்கலாம்?

மருந்தாக்கவியல் ஆசிரியை:

அடிபட்டுப் போகும். கலக்கியின் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் எண் மாறுகிறது என்றால், நீங்கள் அளப்பதில் ஒரு பகுதி சவ்வை ஒட்டி அசையாமல் நிற்கும் நீர்ப்படலத்தின் தடை.

கரைபொருளுக்கு ஃபைல், பே, ஃபெயென், கிம் ஆகியோரின் 1991 வேலையைப் பின்பற்றுங்கள். பிநைபாம் ஜெல் சவ்வில் மூன்று பருமன்களை அனுப்பினார்கள்: மூலக்கூறு எடை 376 உள்ள யுரானின் என்ற ஒளிரும் சாயம், 4,400 உள்ள டெக்ஸ்ட்ரான் (சர்க்கரைக் கண்ணிகளாலான பாலிமர்), 150,000 உள்ள டெக்ஸ்ட்ரான். வெப்பநிலையை ஏற்ற ஏற்றப் பெரியது முதலில் நிற்கும், நடுத்தரம் பிறகு நிற்கும், சிறியது கடைசிவரை கசிந்துகொண்டிருக்கும். ஒரே சவ்வைக் கொண்டு, வெப்பநிலையை மட்டும் மாற்றி, கலவையைப் பருமன்படி பிரிக்கலாம் என்பதுதான் அதன் கருத்து. நீரை வெறுக்கும் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் நான் மேலே கேட்ட கேள்விக்கும் விடை கிடைக்கும்.

குழாய்ப் பொறியாளர்:

ஆலைக்காரனின் கடைசிக் கேள்வி. ஜெல் தகடு 40 டிகிரியில் சுருங்குகிறது என்றால் பிடிப்பு வளையத்துக்குள்ளும் சுருங்குமே. ஓரத்தில் இடைவெளி விழுந்து, சவ்வு வழியாகப் போகாமல் பக்கவாட்டில் பி12 கசிந்தால்? அந்த வெப்பநிலையில் நீங்கள் அளந்த ஏறக்குறைய பூஜ்யத்தில் எவ்வளவு கசிவு? தடிமனும் மாறியிருக்கும், 20 டிகிரியில் அளந்த தடிமனை 40-க்கும் போட்டால் ஊடுருவுதிறன் தவறாக வரும்.

பழைய ஆய்வாளர்:

நெய்யாத துணி அல்லது மெல்லிய வலைமேல் ஜெல்லை வார்த்தால் பக்கவாட்டுச் சுருக்கம் பெருமளவு அடங்கும். சுருக்கம் தடிமன் திசையில் மட்டும் நடக்கும். தடிமனை ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீருக்குள் வைத்தே அளந்துவிடுங்கள், வெளியே எடுத்தால் நொடியில் குளிர்ந்துவிடும்.

ஓரக் கசிவைப் பிடிக்க அந்த 150,000 டெக்ஸ்ட்ரானே போதும். ஒளிரும் சாயம் இணைத்தது விலைக்குக் கிடைக்கிறது. சாயம் கழன்று தனியே அலைகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியில் சுருங்கிய ஜெல்லுக்குள் அதற்கு வழியே கிடையாது. பெறும் பக்கத்தில் அது தென்பட்டால், வளையத்தைக் கழற்றி ரப்பரை மாற்றுங்கள்.